கண்ணாடிக்காரி அழறா

மழலையர் பள்ளி டீச்சரான அவள், இரண்டாம் தாரமாக வந்த வீட்டிலும் பள்ளியில் கையாளும் அதே வழியைத்தான் கையாண்டாள். கணவரின் நாலு வயது மகள் சிட்டுவைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, "இந்தப் பாப்பாவுக்கு என்னவாம்? கோபமா, பயமா?" என்று கேட்டாள்.

தாய் இறந்ததிலிருந்து சிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சித்தியின் மடிக்கும் வந்ததில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்தால் வாய் ஓயாது.

"கண்ணாடிக்காரி அழறா சித்தி."

"ஏனாம்?"

"அவளுக்கு அம்மா வேணுமாம். லூசு!"

முகத்தில் சவர நுரையோடு கணவர் எட்டிப்பார்த்தார். "டீச்சரம்மா, எம்பொண்ணு நல்லாவே கதை விடறா. உங்க டிரெய்னிங்கா?"

ஞாயிற்றுக்கிழமை பீரோ கண்ணாடி முன் சிட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிட்டு ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். கண்ணாடியில் உதடுகள் அசையவில்லை, கன்னங்கள் நனைந்திருந்தன. அவள் சிட்டுவின் கன்னத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது, சில்லிட்டிருந்தது. கண்ணாடியில் அவள் விரல்கள் ஈரமாக மின்னின.

போர்வையை எடுத்துக் கண்ணாடியை மூடினாள். உள்ளிருந்து விசும்பல் கேட்டது.

"மூடாதீங்க சித்தி. இருட்டுன்னா அவளுக்குப் பயம். என்னைத் துணைக்குக் கூப்பிடறா. போகட்டுமா?"

சிட்டு எழுந்து போர்வைக்குள் கையை நுழைத்தாள். மணிக்கட்டுவரை போயிற்று. முழங்கைவரை போயிற்று. அது கண்ணாடி இருக்க வேண்டிய இடம்.

அவள் குழந்தையின் இடுப்பை இறுகப் பிடித்து இழுத்தாள். பள்ளியில் கடைசியாக எப்போதும் கேட்கும் கேள்வியை இந்த வீட்டில் அவள் கேட்டதே இல்லை. கேட்டால் குழந்தை உடைந்துவிடும், தன்னை வெறுத்துவிடும் என்ற பயம்.

"சிட்டு, அந்தப் பாப்பா யாரு?"

"தெரியாது."

"தெரியும்டா கண்ணு. யாரு?"

சிட்டுவின் உதடு கோணியது. "நான்..." என்றவள் வீறிட்டாள். கை வெளியே வந்தது. சித்தியின் மடியில் விழுந்து, "அம்மா வேணும்" என்று கதறினாள். கண்ணீர் சுடச்சுடப் புடவையை நனைத்தது.

"அழுடா. நல்லா அழு."

போர்வை நழுவியது. கண்ணாடியிலும் குழந்தை மடியில் கிடந்து அழுதது. அதை அணைத்திருந்தவள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவர் ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"

'ஒண்ணுமில்லைங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பொய்க்கே கண்ணாடியில் சிரிப்பு இன்னும் விரிந்தது.

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க," என்றாள்.