‘அழைக்கிறோம்’ என்பதன் கனம்

பிரெஞ்சு வினைச்சொல்லின் அழுத்தம், கடைசியாக ஒலிக்கும் அசையாக உட்கார்ந்திருப்பவரின் மடியில் வந்து இறங்கும். அரை மூட்டை அரிசியின் கனம் இருக்கும். அதனால் புதுச்சேரியில் யாரும் வெறும் வயிற்றோடு பிரெஞ்சு வகுப்புக்குப் போவதில்லை.

வயோலா டீச்சர் வீட்டு பெஞ்சில், ‘அழை’ என்று பொருள்படும் ‘அப்பெலே’வுக்கு முதல் அசை டீச்சர். நடு அசை செலஸ்தீன். கடைசி அசை அவள் கணவர் தார்சீஸ். பிரான்சில் இருக்கும் மகளிடம் போக விசா வேண்டும். அதற்கு இந்த ஒரு வினை சரியாக வந்தால் போதும்.

‘ஜப்பெல்’, நான் அழைக்கிறேன். இதில் தார்சீஸின் அசை எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். கனமெல்லாம் செலஸ்தீன் மடியில். தாங்கிப் பிடிக்க அவளுக்கு விதிப்படி இன்னொரு ‘எல்’ எழுத்தைத் துணைக்குக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் முழங்கால் வீங்கிவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து ஞாயிறுதோறும் அவளைப் போனில் அழைப்பது செலஸ்தீன். தார்சீஸ் பக்கத்திலேயே இருப்பார், பேசமாட்டார்.

ஒருநாள் அவளால் பெஞ்சைவிட்டு எழ முடியவில்லை.

“இன்னொரு தரம் சொல்லலாம் டீச்சர்,” என்றாள்.

தார்சீஸ் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “‘நான்’ வேண்டாம் டீச்சர். ‘நாங்க’ன்னு சொல்லுவோம்.”

“கனம் உங்க பக்கம் வந்துடும் சார்.”

“வரட்டும்.”

‘நூஸப்லோன்’, நாங்கள் அழைக்கிறோம், என்றார்கள். தார்சீஸ் மடியில் கனம் விழுந்து பெஞ்சு முனகியது. துணைக்கு இருந்த ‘எல்’ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது. வேகமாகச் சொன்னால் நடு அசை கரைந்துவிடும் என்பதால், செலஸ்தீன் தன் இடத்தில் இல்லை.

“எங்க போயிட்டா?”

“ஓய்வுக்குத்தான் சார். வந்துடுவாங்க.”

கால் மரத்துப்போகும்வரை தார்சீஸ் அசையாமல் தாங்கியிருந்தார். செலஸ்தீன் கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு திரும்பி வந்தாள்.

“நல்லாத் தூங்கிட்டேங்க.”

“பாப்பா நம்பரைப் போட்டுக் குடு,” என்றார் அவர்.

மறுமுனையில் மகள், “அம்மாவா?” என்றாள்.

தார்சீஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாங்கதாம்மா கூப்பிடறோம்.”

அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

விசா கிடைத்தது. விமானம் ஏறச் சென்னைக்குப் போகிற வழியில், கடல் இறந்தகாலத்தில் இருந்தது; அலையெல்லாம் அடித்து முடிந்திருந்தது. அது நிகழ்காலத்துக்குத் திரும்பட்டும் என்று டிரைவர் காரை ஓரங்கட்டினார். மூவரும் இறங்கி ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள்.