ஏழாவது ராத்திரிக்கு வாங்கிய செருப்பு

ஆறு ராத்திரி கட்டிலில் தூங்கிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு ராத்திரிதான் பாக்கி.

ஆந்தை என்று அவளுக்குப் பேர் வைத்தவர்கள் மற்ற பிள்ளைகள். பதினாலு வயசு. எங்கள் ஹோமுக்கு வந்த ஐந்து மாதத்தில் நாலு மாதத்துக்கு மேல் கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பாள். பகலில் வகுப்பில் பெஞ்சோடு சாய்ந்து விழுவாள். அவள் வீட்டில் அவளுக்கு நடந்ததெல்லாம் ராத்திரியில் நடந்தது. ஃபைலில் இருக்கிறது. ஒரு தடவை படித்தேன், போதும்.

அவளுக்கு இருக்கிற ஒரே நல்ல உறவு ஓர் அத்தை. பேக்கரியில் மாவு பிசைகிறவள். அழைத்துப்போகத் தயார் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பகல்ல கத்தட்டும், குதிக்கட்டும், தட்டைப் போட்டு உடைக்கட்டும், நான் பாத்துக்கறேன். ராத்திரி மட்டும் தூங்கிடணும். என் பசங்க ரெண்டும் பொடிசு, நான் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவ."

கவுன்சிலிங் மேடம் உடனே ஒரு கணக்குப் போட்டார். தொடர்ந்து ஏழு ராத்திரி கட்டிலில் தூங்கினால், எட்டாவது நாள் காலை அத்தை வந்து அழைத்துப்போகலாம்.

அந்த ஏழு ராத்திரிக்கும் சாட்சி நான். பத்து மணிக்கு வந்தால் பத்தரையிலிருந்து ஆறு மணிவரை அரை மணிக்கு ஒரு தடவை அறை அறையாகப் போக வேண்டும். கதவைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். இதற்கு முன்னால் இருபது வருஷம் கட்டட வேலை. ஜல்லி சுமந்து சுமந்து கழுத்து இறுகிப்போனதால், எட்டிப் பார்க்கவேண்டுமென்றால் நான் முழு உடம்போடுதான் திரும்பியாக வேண்டும். பிள்ளைகள் இதை எனக்கே நடித்துக் காட்டுவார்கள்.

வேலையில் சேர்ந்தபோது ரெண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ரெண்டாவது நாள் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். ராத்திரியில் அறைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதை அப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள்.

என் ரப்பர் செருப்பு நடந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். டப், டபக், டப், டபக். ஏழாவது ராத்திரியும் அதுவுமாக இந்தச் சனியன் பிடித்த சத்தத்தில் பிள்ளை விழித்துவிட்டால் என்ன செய்வது என்று ரொம்பப் புத்திசாலித்தனமாக யோசித்தேன். பஞ்சு மாதிரி அடி வைத்த புதுச் செருப்பு ஒன்று வாங்கினேன். வராந்தாவில் நடந்து பார்த்தேன். பூனை தோற்றது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பத்தரை மணி. சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் கதவைத் தள்ளினேன்.

முதலில் தண்ணீர் பாட்டில் வந்து தோளில் அடித்தது. அடுத்து தலையணை. மூன்றாவது என்ன என்று பார்ப்பதற்குள் பின்னால் சாய்ந்தேன். பின்னால் அழுக்குத் துணிக் கூடை. இடுப்புவரை உள்ளே போய், காலும் தலையும் வெளியே நிற்க, அப்படியே அடைபட்டேன்.

கட்டில் காலி. அவள் அடியில் இருந்தாள். பல் கிடுகிடுவென்று அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

பயந்த பிள்ளையைத் தொடக்கூடாது, கிட்டே போகக்கூடாது, அவள் கண்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசவேண்டும் என்பது முதல் நாள் பாடம். அது எனக்குத் தெரியும். உட்காரும் வேலையைக் கூடை பார்த்துக்கொண்டது.

"நான்தாம்மா. அக்கா."

"அக்கான்னா சத்தம் வரும்," என்றது கட்டிலடிக் குரல். "உங்களுக்கு வரல."

"புதுச் செருப்பும்மா."

"காட்டுங்க."

காட்டலாம் என்று காலைத் தூக்கினேன். கூடை உருண்டது. கூடையோடு நானும் உருண்டு கதவில் முட்டி நின்றேன்.

விளக்கு எரிந்தது. அந்த அறையில் மூன்று பேர். போட்டவள் சுண்டெலி, ஒன்பது வயசு. அவள் என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அக்கா ஆமையாயிட்டாங்க," என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் இறங்கிப்போன அடிபம்பு மாதிரி முதலில் காற்று மட்டும் வந்தது. அப்புறம் ஒரு விக்கல். அப்புறம் கொட்டியது. ஐந்து மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு என்றுகூடச் சொல்லமுடியாது, கட்டில் பலகையில் தலை இடிக்கிறது, இடிக்க இடிக்க இன்னும் சிரிக்கிறாள்.

மூன்றாவது கட்டில்காரி வக்கீல். பதிமூன்று வயசு, எதற்கும் வாதாடுகிறவள். அவளும் சுண்டெலியும் கூடையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் எழுந்தால் கூடையும் எழுந்தது. பக்கத்து அறையிலிருந்து மூன்று பேர் ஓடிவந்து, எதற்கென்று கேட்காமலே சிரித்தார்கள். கொஞ்சம் அடங்கும். யாராவது "ஆமை" என்பார்கள். மறுபடி முதலிலிருந்து. எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது, மூக்கில் தண்ணீர்.

வக்கீல்தான் சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, ரிஜிஸ்டர்."

அறை அடங்கிப்போனது. ஆந்தை வெளியே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் வக்கீல்.

"நடந்ததை."

"என்ன நடந்துச்சு? சிவனேன்னு படுத்திருந்தவகிட்ட ஒருத்தங்க திருடி மாதிரி வந்தாங்க."

"நான் திருடியா?"

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது யாரு? உங்க தப்புக்கு அவளுக்குத் தண்டனையா? சாட்சி வேணுமா? கூடையைக் கேளுங்க."

"தூங்குகிறாள்னு எழுதுங்கக்கா," என்றாள் சுண்டெலி. "ஒரே வார்த்தை. பேனா நான் தரேன்."

எனக்கும் கை அரித்தது. ஒரே வார்த்தைதான். ஆனால் ஒரு மேஸ்திரி ஏழு நாள் தண்ணீர் விட்டதாகச் சொல்லி நாலாம் நாளே சென்ட்ரிங் பலகையைப் பிரித்த புதுத் தளம், மேலே நின்ற என் நாத்தனாரோடு இடிந்து விழுந்தது. இன்றைக்கும் அவளுக்கு இடுப்பு நேராகவில்லை. ஆந்தையைப் பார்த்துக் கேட்டேன். "ஆறு நாளும் எப்படிடீ தூங்கினே?"

"உங்க செருப்புச் சத்தம் வரும். நீங்கதான்னு தெரியும். போனப்புறம் தூங்கிடுவேன். மறுபடி வந்தா முழிப்பேன். நீங்கதான்னு தெரியும். மறுபடி தூங்கிடுவேன்."

"ராத்திரிக்கு எத்தனை தடவை?"

"பதினாறு. நீங்க டீ குடிச்சு அசந்துட்டா பதினஞ்சு."

"அத்தை வீட்ல யாருடீ டப் டபக்னு நடப்பா?"

தோளைக் குலுக்கினாள். நகத்தைக் கடித்துவிட்டு, "எழுதிடுங்க," என்றாள். "பொய் சொல்லிப் போய், அங்க முழிச்சு, அத்தை திருப்பிக் கொண்டுவந்து விட்டா நான் செத்தேன்."

எழுதினேன். "10.30: நான் சத்தமில்லாமல் நுழைந்தேன். பயந்துவிட்டாள். தவறு என்னுடையது. 11.00: சிரிப்பு. 11.30: சிரிப்பு, பக்கத்து அறையும். 12.00: நிறுத்த முடியவில்லை. 12.30: நானும்."

நாலு மணிக்குத்தான் அவளுக்குக் கண் செருகியது.

ஏழு மணிக்கு அத்தை வந்தாள். முழங்கையில் மாவு காய்ந்திருந்தது, கையில் பிள்ளைக்காகக் காலிப் பை. மேடம் ரிஜிஸ்டரைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழாவது நாள் தவறிடுச்சும்மா. இன்னொரு வாரம் பாக்கலாம்."

அத்தை ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்து, வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்தாள். பன்னிரண்டரைக்கு வந்ததும் விரல் நின்றது. முதலில் காற்று மட்டும் வந்தது. அப்புறம் கொட்டியது. குடும்பச் சிரிப்பு.

"இவ சிரிச்சாளா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு மணி நேரம்." என் செருப்புச் சத்தத்தில் அவள் ஆறு ராத்திரி தூங்கிய கதையையும் சொன்னேன்.

"அப்ப, பக்கத்துல யாருன்னு காதுல விழுந்தாத்தான் தூக்கம் வருமா?"

"ஆமா. அமைதியா இருந்தாத்தான் பயம்."

அத்தை மேடத்தைப் பார்த்தாள். திருட்டை ஒப்புக்கொள்கிற முகம். "மேடம், வீடு பாக்க நீங்க வந்தப்ப ஒண்ணு மறைச்சுட்டேன். ஒரே ரூம்ங்கறது நீங்க பாத்ததுதான். பெரியவன் தூக்கத்துல பேசுவான். சின்னவன் பல்லைக் கடிப்பான். நான் விடற குறட்டைக்கு என் வீட்டுக்காரரே காலி பண்ணிட்டுப் போனாரு. தெரிஞ்சா பிள்ளைய தரமாட்டீங்கன்னு மூச்சு விடல. அப்புறம், ராத்திரி தூங்கணும்னு நான் சொன்னது எனக்காக இல்ல. இந்தக் கூத்துல அவ எப்படித் தூங்குவாளோன்னு பயந்துதான்."

மேடம் பேனா மூடியைக் கடித்தார். ரொம்ப நேரம் கடித்தார். "ரெண்டு ராத்திரி கூட்டிட்டுப் போங்க. திங்கக்கிழமை வந்து சொல்லணும். உள்ளதை உள்ளபடி சொல்லணும்."

அத்தையை அறைக்குக் கூட்டிப்போனேன். ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. ஆந்தை கட்டிலில், வாயைத் திறந்துகொண்டு, கும்பகர்ணனுக்குத் தங்கை மாதிரி கிடந்தாள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் போய், "எந்திரிக்கட்டும், நான் இருக்கேன்," என்று என் காதில் கிசுகிசுத்தாள்.

ஆந்தையின் இமை ஆடியது.

"ஆன்ட்டி, குசுகுசுன்னு பேசாதீங்க, முழிச்சுடுவா," என்று அதட்டினாள் வக்கீல். "சத்தமா பேசுங்க."

"என்னத்தடீ பேசறது?"

"எதையாச்சும்."

அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். பேக்கரியில் அடுப்புக்கு மேலாக ஆளைக் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தாள். "நேத்து புது ஆள் ஒருத்தன் வேலைக்கு வந்தான். ஈஸ்ட் எவ்வளவு போடணும்னு கேட்டான். கண்ணளவா போடுன்னேன். அவன் கண்ணு எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

ஆந்தை அந்தக் குரலின் பக்கம் புரண்டு படுத்தாள். சுண்டெலி கட்டில் காலடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"மாவு பொங்குச்சா?" என்றாள் சுண்டெலி.

"பொங்குச்சாவா? கதவைத் திறந்துட்டு வெளிய வந்துச்சு," என்றாள் அத்தை, இன்னும் சத்தமாக.