பச்சைப் புள்ளி

அங்கம்மா மீன் கூடையைக்கூட இறக்கி வைக்காமல் மாடி ஏறி வந்தாள்.

"இன்னா ஜெரினா, இன்னிக்கு உங்க போன் வர்லியே?"

"எந்த போன்க்கா?"

"கடலுக்குப் போவாதேன்னு ஒரு பொம்பள பேசுமே, அதான். வானத்தப் பாத்தியா? இருட்டிக்கினு கீது. எம்புள்ள பிரகாஷு விடியச்சொல்லவே போயிட்டான். நான் மார்க்கெட்ல இருந்து நேரா இங்கதான் வரேன்."

கல்மண்டபத்தில் அந்த மாடி அறைதான் ஜெரினாவுக்கு அலுவலகம். மீனவர் சங்கத்துக்காக ஒரு சிறு கம்பெனி நடத்தும் எச்சரிக்கைச் சேவையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். சங்கச் செயலாளர் மாரியப்பன் காற்று எச்சரிக்கையை இணையதளத்தில் பதிந்தால், எல்லாப் படகுக்காரர்களுக்கும் பதிவுசெய்த பெண் குரலில் தானாகவே போன் போகும்.

திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது. விடியும் முன்பே மாரியப்பன் பதிந்த எச்சரிக்கைக்கு நேராக 'அனுப்பப்பட்டது' என்றிருந்தது.

"போயாச்சுன்னு காட்டுதுக்கா."

"யாருக்குப் போச்சு? எங்க தெருவுல ஒரு போன்கூட அடிக்கல. போன் வர்லன்னா கடலு நல்லாக்கீதுன்னுதான எல்லாரும் போறானுங்க."

ஜெரினாவின் விரல்கள் நின்றன. அப்படி ஒரு வழக்கத்தை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆபத்து என்றால் மட்டும் பேசும் குரல் பேசாமல் இருந்தால், வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

'அனுப்பப்பட்டது' என்றால் வரிசையில் சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான். வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போன் போடுவது, பின்னால் கன்டெய்னர் என்ற தனி மென்பொருள் பெட்டிக்குள் ஓடும் ஒர்க்கர் நிரல். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாகில் கடைசி வரி நேற்று மாலையோடு நின்றிருந்தது. நேற்றுதான் வரிசையை வைத்திருக்கும் கன்டெய்னரை அவள் நிறுத்தித் திரும்ப ஓடவிட்டாள். அறுந்துபோன பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு ஒர்க்கர் அப்போதிலிருந்து காத்திருக்கிறது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைக்கு, ஆமாம் என்று சொல்லிக்கொண்டே. வேலை செய்கிறாயா என்று கேட்கும் சோதனையை அவள் எழுதவில்லை.

"இன்னான்னு சொல்லேன்."

"பின்னாடி கன்டெய்னர்ல ஒண்ணு மாட்டிக்கிச்சுக்கா."

"கன்டெய்னரா? அதான் ரோடு பூரா நிக்குதே. உன் பொட்டிக்குள்ள வேறயா?" அங்கம்மா சிரிக்கவில்லை.

ஒர்க்கரை அப்படியே திரும்ப ஓடவிட முடியாது. எச்சரிக்கைக்கு முன்னால் ஐஸ் விலை, சங்கக் கூட்டம் என்று அறிவிப்புகள் குவிந்து கிடந்தன. அவை போய் முடிவதற்குள் படகுகள் போன் சிக்னல் எட்டும் தூரத்தைத் தாண்டிவிடும். ஜெரினா அவற்றையெல்லாம் வரிசையிலிருந்து எடுத்தாள். எச்சரிக்கை மட்டும் மிஞ்சியது. ஒர்க்கரை நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள்.

கீழே ஒரு ட்ரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

லாகில் ஒரு வரி விழுந்தது. பிறகு மளமளவென்று வரிகள். எடுக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே. எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டது. ஜெரினா பிரகாஷின் எண்ணைத் தேடினாள்.

எடுக்கப்பட்டது.

"எடுத்துட்டாருக்கா! பிரகாஷ் எடுத்துட்டாரு!"

அங்கம்மா அப்போதுதான் கூடையை இறக்கினாள். "ஆத்தா," என்று சுவரில் சாய்ந்தாள். "திரும்பி வரட்டும், ரெண்டு அறை வைக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பிரகாஷின் மனைவி அம்மு, இடுப்பில் குழந்தையோடு வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிய போன்.

"அத்தே, உன்ன எங்கெல்லாம் தேடறது? இதுல இப்போ அந்தப் பொம்பள பேசுச்சு. காத்து வருதாம், கரைக்குத் திரும்பணுமாம்."

அங்கம்மா அந்தப் போனையே பார்த்தாள். "இது அவன் போனாச்சேடி."

"ஆமா. எச்சரிக்கைதான் வர்லியே, புள்ள வீடியோ பாக்கட்டும்னு வச்சிட்டுப் போயிட்டாரு."

அந்த எண்ணுக்கு இனி ஒர்க்கர் போன் போடாது. அதைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்துவிட்டது.

ஜெரினா மைக்கை அருகே இழுத்தாள். முதல் பதிவை அழித்துவிட்டு மறுபடி பேசினாள். "கடலில் இருப்பவர்கள் கவனிக்கவும். கல்மண்டபம் பிரகாஷின் படகைப் பார்த்தால் கரைக்குத் திரும்பச் சொல்லவும். பார்த்தவர்கள் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்." தன் எண்ணைச் சொன்னாள். எடுத்தவர்களுக்கெல்லாம் அதை அனுப்பினாள்.

அவள் போன் ஒரே ஒரு முறை அடித்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஒருவன் கத்தினான். "காத்தால எண்ணூருக்கு நேரா பாத்தேன், வடக்கால போய்க்கினு இருந்தான். அப்பால பாக்கல. நாங்க திரும்பிக்கினு கீறோம்."

அங்கம்மா அம்முவின் கையிலிருந்து போனை வாங்கினாள். கவரை இன்னொரு சுற்றுச் சுற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். கூடையை அங்கேயே விட்டுவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிப் போனாள். பின்னால் அம்முவும்.

ஜெரினா எழுந்தாள். வரிசை காலியாக இருந்தது. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. மடிக்கணினியை மூடாமலே அவர்கள் பின்னால் நடந்தாள்.