பார்லிக்குக் கொடுத்த பதினான்கு நாட்கள்

தபால்காரர் தன்னுடைய புதன்கிழமையைத் தையல்காரியின் பார்லிக்குக் கொடுத்துவிட்டார். அதனால் அந்த வாரம் அவர் செவ்வாய் இரவு படுத்து, வியாழன் காலையில்தான் எழுந்தார். இடையில் எங்கே இருந்தார் என்று கேட்டால், எங்கேயும் இல்லை. நடந்தது அவ்வளவுதான். புதன்கிழமைத் தபால்கள் மட்டும் பையில் அப்படியே கிடந்தன.

அந்த ஊரில் கோடை தொண்ணூறு நாள். பார்லிக்கும் விதைப்பிலிருந்து அறுப்புவரை தொண்ணூறு நாள் வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உறைபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். விதைக்கும் நாளை யாரும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வெறுங்காலோடு கொல்லையில் இறங்கி, குதிகாலை மண்ணில் ஊன்றி நூறு எண்ணுவார்கள். குளிர் பொறுக்க முடிந்தால் விதைப்பார்கள். தையல்காரிக்கோ இருபத்திரண்டு வருடமாக மிஷின் மிதித்து மிதித்துக் குதிகால் மரத்துப்போயிருந்தது. நூறு என்ன, முந்நூறே எண்ணினாள், சுகமாகத்தான் இருந்தது. தெருவுக்கே முந்தி விதைத்தாள், விதைத்தது மொத்தமும் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. மிச்சமிருந்த இரண்டு படி விதையை மறுபடி தூவி முடிப்பதற்குள் பதினான்கு நாள் கைவிட்டுப் போயிருந்தது.

வேறு வருடமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு கடைப் பார்லி வாங்கியிருப்பாள். ஆனால் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவருக்கு அந்த வசந்தத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு வயிற்றில் எதுவுமே தங்கவில்லை, அந்தக் கொல்லைப் பார்லியின் கஞ்சியைத் தவிர. கடைப் பார்லியை அரைமணி நேரத்தில் வாந்தி எடுத்துவிடுவார். பழைய பார்லி டின்னில் அடி தெரிந்துகொண்டிருந்தது. குளிர்காலமோ ஏழு மாதம்.

உறைபனி ஒரு நாளும் தப்பாமல் வந்தது. கதிரில் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தபால்காரரும் வேலியில் கைவைத்து, "என்னோட நாள் ஒண்ணை எடுத்துக்கோம்மா, நான் வெச்சுக்கிட்டு என்ன செய்யப்போறேன்?" என்றார். மறுநாள் அவர் இல்லை. தெருவெல்லாம் வெள்ளையாக விறைத்துக் கிடக்க, அவள் கொல்லைக்குள் மட்டும் ஒரு கோடைக்கால வெயில் அடித்தது. அவசர வெயில், கூடவே காற்று. அவர் நடக்கிற வேகம் அப்படி.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் நாள் அதிகாலை மூன்று மணிக்கே விடிந்தது. இரவுக் காவல்காரருடைய நாளில் சூரியன் பத்தரைக்குத்தான் சோம்பல் முறித்தது. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவின் நாளில் முக்கால் மணிக்கு ஒருமுறை மேகம் வந்து ஐந்து நிமிடம் நின்று போனது. ஒருவரிடமிருந்து ஒரு நாளுக்கு மேல் வேலி வாங்கவில்லை. முடிதிருத்துகிறவர் இரண்டாம் முறை கைவைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தையல்காரி தன் நாளைக் கொடுக்க முடியாது. அவளும் இல்லாமல் போனால் கணவரைப் பார்ப்பது யார்? பதின்மூன்று நாள் சேர்ந்தது. கதிர் மஞ்சளாகிவிட்டது, மணியைக் கடித்தால் மட்டும் இன்னும் மெதுமெதுவென்று இருந்தது. இன்னும் ஒரே ஒரு நாள்.

கொடுக்க மனமிருந்தவர்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. பாக்கி இருந்தது பக்கத்து வீட்டு ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. ஒரு வேலிக்கம்பத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அன்றும் அவள் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

"நான் குடுக்கறேனே," என்றார் கணவர், கட்டிலில் இருந்தபடி.

"சும்மா கிடங்க. ஜன்னல்வரைக்கும் போறதுக்கே சுவத்தைப் பிடிக்கிறீங்க. ஒரு நாளைத் தாண்டணும்னா எதைப் பிடிச்சுப் போவீங்க?"

"பஸ் ஓட்டினவன்டி நான். ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கத் தெரியாதா?"

அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள். ஆனால் களைப்பு யாரை விட்டது? நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். மறுநாள் காலை விழித்தபோது கட்டில் காலி. ஜன்னல் திறந்திருந்தது, வேலி அங்கிருந்து கைக்கெட்டும் தூரம். கொல்லையில் வெயில், நோயாளியின் முகம் போல வெளுத்த வெயில்.

அழ நேரமில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பதினொரு மணிக்கே வெளிச்சம் தளர்ந்தது. அவரிடம் இருந்தது அவ்வளவு பொழுதுதான் போலும். வேலியோரத்து வரிசை ஒன்று படபடவென்று வெள்ளையானது. அடுத்தது, அதற்கடுத்தது. அவள் அறுப்பதைவிட வேகமாகப் பனி உள்ளே வந்தது.

"ஏண்டி, அரிவாள் பிடிக்கிற லட்சணமா இது? தள்ளு!" ஓரகத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள், கையில் தன்னுடைய அரிவாள்.

"நேத்தே உங்க நாளைக் குடுத்திருந்தா அவர் போயிருக்க மாட்டாரேக்கா!"

"குடுத்திருந்தா இன்னிக்கு வந்து அறுக்கிறது யாரு, உங்கப்பனா? குனி, குனி!"

ஒன்றரை மணிக்கு வெளிச்சம் அணைந்தபோது நான்கு வரிசை போக மீதியெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. இருவரும் அடுப்படியில் உலர்த்தி, அடித்து, புடைத்தார்கள். கட்டில் பக்கம் யாரும் பார்க்கவில்லை. காலை ஆறு மணி அவர் எழும் நேரம், கட்டில் காலி. ஏழுக்கும் காலி. ஓரகத்தி கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் மறுபடி அடுப்பில் ஏற்றினாள். எட்டேகாலுக்குத் தையல்காரி தலையணை உறையை மாற்றலாமென்று திரும்பினால், தலையணை மேல் அவர் தலை இருந்தது.

"பசிக்குதுடி," என்றார்.

ஊட்டினாள். பிறகு மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி போனது. முக்கால் மணி போனது. ஒரு மணி நேரம் முடிந்ததும் அவர், "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார். ஓரகத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வசந்தத்தில் அவர் பஸ்ஸுக்குத் திரும்பினார். கொடுத்த நாளை யாரும் திரும்பக் கேட்கவில்லை. டீச்சரம்மா மட்டும், தான் கொடுத்தது தன் பிறந்தநாள் என்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தாள். அந்த வருடம் அவளுக்கு வயது ஏறவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.