விஞ்ஞானப் பேப்பர் அன்று

சாதாரண தரப் பரீட்சை தொடங்கி நான்காம் நாள். விடிய ஐந்து மணிக்குச் சுபத்திரா டீச்சர் நியமனக் கடிதத்தை எடுக்க அலுமாரியைத் திறந்தபோது, சேலைகளுக்கு மேல் கிடந்த நிவேதிகாவின் கைபேசி மின்னியது.

நிவேதிகா அவளுடைய தங்கச்சியின் மகள். நானாட்டான் பக்கத்துப் பிள்ளை. பரீட்சைக்காக ஒரு மாதமாய் மன்னார் டவுனில் பெரியம்மா வீட்டில் நிற்கிறாள். கைபேசி அலுமாரிக்குள் இருக்கும். இரவில் தாயோடு பத்து நிமிசம் கதைக்க மட்டும் வெளியே வரும். அதுதான் ஒப்பந்தம்.

திரையில் டியூசன் குழுவின் செய்தி தெரிந்தது. ‘எல்லாரும் பார்த்திட்டீங்களோ?’ அதற்கு மேலே, முந்தின நாள் இரவு ஒன்பதே முக்காலுக்கு வந்த இன்னொன்று: ‘நாளைக்கு வாற விஞ்ஞானப் பேப்பர் இதுதான். வெளியில விடாதேங்கோ.’ ஆறு படங்கள்.

ஒன்பதே முக்காலுக்குக் கைபேசி பிள்ளையின் கையில்தான் இருந்தது. கதைத்து முடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்பதும் இப்போதுதான் சுபத்திராவுக்கு உறைத்தது.

சுபத்திரா தலைமன்னார் வீதியில் இருந்த ஒரு பாடசாலையில் பரீட்சை மேற்பார்வையாளர். தங்கச்சியின் மகளும் இந்த முறை சோதனை எடுக்கிறாள் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதனால் அவளை வேறு நிலையத்துக்குப் போட்டிருந்தார்கள். மூன்று நாளாய் வினாத்தாள் பொதிகளின் முத்திரையைப் பிள்ளைகளைக் கொண்டே பார்க்கச் செய்து கையெழுத்து வாங்கியவள். இப்போது அவளுடைய அலுமாரிக்குள்ளேயே இப்படி ஒன்று.

எழுப்பிக் கேட்கலாமா என்று அறை வாசல்வரை போனாள். நிவேதிகா புத்தகத்தைக் கட்டிப்பிடித்தபடி படுத்திருந்தாள். கேட்டால் பிள்ளை கலங்கிப்போவாள். அந்தக் கலக்கத்தோடு போய் என்ன எழுதுவாள்? கேட்காமல் அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்ததுமே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. கைபேசியைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் இறங்கினாள்.

வினாத்தாள் பொதிகளைப் பகிரும் இணைப்பு நிலையத்தின் பொறுப்பாளர் அப்துல் ஹமீட். முசலிப் பக்கத்து அதிபர், அளந்து பேசுகிற மனுசன். அவள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு கதிரையை இழுத்து அவளை இருக்கச் சொன்னார்.

“டீச்சர், இதை எழுத்தில தந்தா பிள்ளையின்ர பேரும் அறிக்கையில வரும். யோசிச்சிட்டுத் தாங்கோ.”

“யோசிச்சிட்டுத்தான் வந்தனான், சேர். பேப்பர் வெளியில போயிருந்தா, ஒழுங்காப் படிச்ச பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது?”

அவள் எழுதிக் கையெழுத்து வைத்தாள். பிள்ளை முன்பே சொல்லி வைத்திருந்த கைபேசியின் கடவு எண்ணைச் சொன்னாள். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் பார்த்திருக்க, ஹமீட் சேர் குழுவைத் திறந்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஆறு படங்களும் புகைமூட்டமாய்க் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் இறக்கச் சொல்லும் அம்புக்குறி அப்படியே இருந்தது.

“பிள்ளை ஒண்டையும் திறக்கேல்லை, டீச்சர்.”

சுபத்திரா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் அதையும் அறிக்கையின் கீழே தன் கையால் எழுதி, பொலிஸ்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். கொழும்புக்கு அழைத்துப் பரீட்சைத் திணைக்களத்தில் கேட்டார். படங்களை இறக்கித் தங்களுக்கு அனுப்பச் சொன்னார்கள். சோதனையை நிறுத்த வேண்டாம், வழமைபோலப் பொதிகளைக் கொண்டுபோகட்டும் என்றார்கள்.

அன்று எட்டரை மணிக்கு மண்டபத்தில் பொதியைத் திறந்து வினாத்தாள்களைக் கொடுத்தாள். பிள்ளைகள் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். கடல் காற்று தாள்களைத் தூக்க, அவர்கள் முழங்கையால் அமத்திக்கொண்டு எழுதினார்கள். இவர்கள் எழுதுவதெல்லாம் வீணாகி, திரும்ப எழுதச் சொல்லி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வரிசையாய் நடந்தபோதும் அவள் நினைத்தாள். தானே இதைக் கிளப்பினவள் என்பதும் கூடவே வந்தது.

விடைத்தாள்களைக் கட்டி முத்திரையிட்டு இணைப்பு நிலையத்துக்குத் திரும்பியபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. ஹமீட் சேர் வாசலிலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் வந்தது. திணைக்களத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்களாம். ஒரு கேள்விகூடப் பொருந்தவில்லை. பழைய மாதிரி வினாத்தாளை வெட்டி ஒட்டி, தன் டியூசன் வகுப்புக்குப் பெயர் தேட யாரோ செய்த வேலை. அந்த ஆளைப் பொலிஸ் விசாரிக்கிறது. நிவேதிகாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

வீட்டில் நிவேதிகா சீருடைகூட மாற்றாமல் இருந்தாள். கைபேசியை இணைப்பு நிலையத்தில் கொடுத்துவிட்டேன் என்று சுபத்திரா சொன்னதும் பிள்ளையின் கண் கலங்கியது. பிறகு எல்லாம் கொட்டினாள். செய்தியைத் திரையில் கண்டதாகவும், குழுவுக்குள் போகவே இல்லை என்றும், பெரியம்மாவிடம் சொன்னால் அவளுடைய பதவிக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்து இரவு முழுக்கப் புரண்டதாகவும் சொன்னாள்.

“திறந்திருந்தா, பிறகு நான் எழுதுற ஒண்டும் என்ர எண்டு இருக்காது, பெரியம்மா.”

சுபத்திரா அவளைப் பக்கத்தில் இழுத்து இருத்திக்கொண்டாள். இனி இப்படி ஒன்று வந்தால் தனியாக வைத்துக்கொண்டு முழிக்காதே, எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை என்று சொன்னாள். பிள்ளை தலையாட்டினாள். காலையிலிருந்து இருவருமே சாப்பிட்டிருக்கவில்லை. பாரைமீன் குழம்பைச் சூடாக்கிச் சோற்றோடு வைத்ததும் நிவேதிகா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டபடியே ஒளிமுறிவுக் கேள்விக்குத் தான் கீறிய படத்தைக் சாப்பாட்டுக் கோப்பையில் விரலால் கீறிக் காட்டிச் சரியோ என்று கேட்டாள்.

“சரி,” என்றாள் சுபத்திரா. “ஆனா கதிருக்கு அம்புக்குறி போட்டனியோ?”

போட்டிருந்தாளாம்.