கருநீலப் பட்டிகள்

"அந்த நாலாவது முடிச்சு என்ன தப்பு பண்ணுச்சு? அதை மட்டும் ஏன் விட்டுடுறீங்க?"

பதினோரு வருடங்களுக்கு முன்பு, ஸ்வெட்டர் பட்டறையின் ஒரு மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ஐந்து வயதுச் சிறுமி கேட்ட கேள்வி இது. அங்கே ஸ்வெட்டரின் உடலும் கைகளும் எந்திரத்தில் பின்னி வரும். முன்பக்கத்துப் பட்டன் பட்டியை மட்டும் கையால் பின்ன வேண்டும். பின்னி முடிந்த ஓரத்தில் ஊசியை நுழைத்து, புது நூலை இழுத்து, கண்ணி கண்ணியாக எடுத்துக்கொண்டே போக வேண்டும். ஓரத்தில் வரிசைக்கு ஒரு முடிச்சு இருக்கும். மூன்று முடிச்சில் கண்ணி எடுத்தால் நாலாவதைத் தாண்டிவிட வேண்டும்.

"தப்பு ஒண்ணும் பண்ணல கண்ணு. எல்லாத்தையும் எடுத்தா பட்டி நெளிஞ்சு போகும். அதனால அதுக்கு இன்னைக்கு லீவு" என்றாள் மேஜைக்குச் சொந்தக்காரி.

அவளுக்குப் பட்டறையில் 'நிதானம்' என்று பெயர். பக்கத்து மேஜையில் இருந்த சிறுமியின் அம்மாவுக்கு 'எக்ஸ்பிரஸ்'. எக்ஸ்பிரஸுக்கு வேகமான கைதான், ஆனால் கண்ணி கொஞ்சம் தளர்ந்து விழும். அந்த வருடம் எக்ஸ்பிரஸின் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்; வீட்டுக்கு வந்த பிறகும் படுக்கைதான். பட்டறைக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். வீட்டில் விட்டுவரவும் ஆள் இல்லை. நிதானம்தான் தன் மேஜைக்கு அடியில் சாக்கு விரித்து அவளை உட்கார வைத்தாள். தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாள். ஒருநாள் கீழேயிருந்து இருமல் சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் நின்றபோது, "பூனைக்கு ஜலதோஷம் சார்" என்றாள், தலையைத் தூக்காமல். அவரும் குனிந்து பார்க்காமல் போய்விட்டார். நல்ல மனுஷர்தான்.

அதற்கு நன்றி சொல்ல எக்ஸ்பிரஸ் எத்தனையோ முறை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் நிதானம், "நான் பூனைக்குத்தானே செஞ்சேன், உனக்கென்ன?" என்று பேச்சை வெட்டிவிடுவாள். செய்ததை ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு எப்படித் திருப்பிச் செய்வது? கடவுள் நம் தலையில் வைக்கிற சுமைகளில் இதுவும் ஒன்று. கனமில்லாததுதான், ஆனால் இறக்கி வைக்கத்தான் இடம் கிடைப்பதில்லை.

இப்போது நிதானத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். வெளிர்நிறக் கம்பளியென்றால் விரல் நுனியால் தடவியே சமாளித்துவிடுவாள். இந்த வாரம் வந்த சரக்கு கருநீலம். இரண்டு இழைக்கு அடியில் போக வேண்டிய ஊசி ஒரு இழைக்கு அடியில் போய்விடும். பட்டி இழுபடும்போது ஓரம் நெடுகப் பொத்தல் விழும். செக்கிங் பார்க்கிற அம்மா ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நாலு உருப்படியைத் திருப்பி அனுப்பினாள். மேற்பார்வையாளர் வந்து, நாளைக்குப் போகிறதும் திரும்பி வந்தால் இந்த இடத்தில் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். இந்த வயதில் ஒருதரம் இடம் போனால், ஆபரேஷன் முடிந்து வந்தாலும் மறுபடி கிடைக்காது. அது நிதானத்துக்கும் தெரியும், எக்ஸ்பிரஸுக்கும் தெரியும்.

"கண்ணியை மட்டும் நான் எடுத்துத் தர்றேங்க்கா. பட்டியை நீங்க பின்னுங்க" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"உன் கை எனக்குத் தெரியாதா? ஊஞ்சல் மாதிரி ஆடும். என் நம்பர் சீட்டு குத்தின துணியில என் கைதான் இருக்கணும்." பிறகு குரலைத் தணித்து, "நீ போய் உன் வீட்டுக்காரரைக் கவனி. உனக்கே முதுகு ஒடியுது" என்றாள்.

முதுகு ஒடிந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் நாலரைக்கு எழுந்து, கணவரை நிமிர்த்தி உட்கார வைத்து மருந்து கொடுத்து, சமைத்து மூடி வைத்துவிட்டு, எக்ஸ்பிரஸ் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள். ஆறரைக்குப் பட்டறையைத் திறந்த துப்புரவுக்காரர் பின்கட்டைக் கூட்டப் போயிருந்தார். ஒன்பது மணி வரை வேறு யாரும் வரமாட்டார்கள்.

நிதானத்தின் மேஜையில் நேற்று முடித்த ஐந்து ஸ்வெட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பழுதில்லை. மூன்றில் ஒரு பக்கத்துப் பட்டி நெடுகப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது.

முதல் பட்டியைப் பிரித்து, கண்ணி எடுத்து, ஆறு வரிசை பின்னி முடித்தாள். பார்த்தால் எல்லாம் அவளுடைய தளர்ந்த கண்ணிகள். செக்கிங் அம்மாவுக்குக் கண்ணில் படும். நிதானத்துக்கு விரலிலேயே தெரிந்துவிடும். இருபது நிமிட வேலை. மறுபடி பிரித்தாள். மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். எழுந்திருக்கவே மனம் வரவில்லை. "சாமி, இந்தக் கையை ஒரு ரெண்டு மணி நேரம் அவங்க கையா மாத்திக் குடு" என்று முனகினாள்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, நூல் தளராதபடி அதைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். நிதானம் அப்படித்தான் சுற்றுவாள். விரல் வெட்டுப்பட்டதுபோல் எரிந்தது. கருநீலத்தில் அவளுக்குமே முடிச்சு சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக நகத்தால் விலக்கி, இரண்டு இழையையும் சேர்த்துப் பிடித்து எடுத்தாள். இத்தனை வருடமாக இந்த அக்கா எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எக்ஸ்பிரஸ் அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்றுதான் போனது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது முடிந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பட்டியோரம் எங்கும் ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை.

நிதானம் மடிப்பதுபோலவே கைகளை உள்ளே மடித்து, நம்பர் சீட்டு மேலே தெரியும்படி ஐந்தையும் அடுக்கி வைத்தாள். தரையில் கிடந்த கருநீல நூல் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வெளியே போய்த் தெருக்குழாயில் முகம் கழுவினாள். மற்றவர்கள் வரும்வரை எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றிருந்துவிட்டு, எல்லோருக்கும் கடைசியாக உள்ளே போனாள்.