பிளஸ் ஒன்றரை

1

இந்தக் கதை ஒரு கேமராவின் கையேட்டில் பிறந்தது. நண்பர் ஒருவர் தம் பழைய ஃபிலிம் கேமராவை எனக்குப் பரிசாகக் கொடுத்தார், கையேட்டோடு. அதில் ஒரு வரி: "உபயோகித்த பின் வெளிச்சத் திருத்தச் சக்கரத்தை மறவாமல் பூஜ்யத்தில் வைக்கவும்." நல்ல புத்திமதி. ஆனால் அதற்கு அப்படியே கீழ்ப்படிகிற ஒரு நல்ல மனிதரால் ஒரு வீட்டில் என்ன ஆகக்கூடும் என்று யோசித்தேன். அன்றிலிருந்து அந்த மனிதர் என்னை விட்டுப் போகவில்லை.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிற ஜீவன். வெள்ளைச் சுவரைக் காட்டினால், "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று பயந்து குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், சுவர்முன் நிற்பவரின் கரிய முகம் இருட்டாகும். மீட்டர் கெட்டதல்ல. எதிரில் இருப்பது யாரென்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவர் ஒருவர் சக்கரத்தைப் பிளஸ் பக்கம் திருப்பி, "இவருக்குக் கொஞ்சம் கூடக் கொடு" என்று சொல்ல வேண்டும்.

(எனக்கு இது பிரார்த்தனை மாதிரியே படுகிறது. ஆனால் இங்கே பிரசங்கம் செய்வதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் தெளிவாக" — அடித்துவிட்டேன். வானத்துக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.

இரண்டாவது: "ஒரு நர்ஸ் இரண்டு வயது மகளை விட்டுவிட்டு, வேலைக்காக வெளிநாடு போகிறாள்." செய்தித்தாள் வாக்கியம். ஆனாலும் நடப்பது இதுதான், இருக்கட்டும். கைபேசிக்குள் கேமரா நுழையாத காலம். அம்மா திரும்பி வரும்வரை குழந்தைக்கு அவள் முகம் என்றால் அது ஒரு படம்தான். அந்தப் படம் இதுவரை எடுக்கப்படவே இல்லை.

3

வீட்டில் நால்வர்: நர்ஸ், பஸ் ஓட்டும் அவள் கணவர், குழந்தை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நர்ஸின் தங்கை. படம் எடுப்பது தங்கை. வாடகை அறை, நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். நர்ஸ் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்திருக்கிறாள். குளித்து முடித்த குழந்தை வெள்ளைத் துண்டோடு அவள் மடியில்.

"அக்கா, வேற கலர் எதாவது கட்டிக்கோயேன்."

"இதைப் போட்டுட்டு வந்தாத்தான் இவ ஓடி வருவா. புடவையில வந்தா யாரோன்னு பாக்குறா. நீ எடு. எப்படியும் என் கறுப்புக்குப் படத்துல பல்லு மட்டும்தான் விழப்போகுது. கல்யாண ஆல்பத்தைப் பல் டாக்டருக்கு அனுப்பி வைக்கலாம்."

"இந்தத் தடவ முகம் விழும். பந்தயம்."

தங்கை சக்கரத்தைப் பிளஸ் ஒன்றரைக்குத் திருப்பினாள். ஃபிலிமில் மிச்சமிருப்பது கடைசிப் படம், முப்பத்தாறாவது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, அதைச் சமாதானம் செய்ய ஓடினாள்.

4

இங்கேதான் கணவர் வருகிறார். முதல் பிரதியில் இவரை முன்கோபியாக எழுதினேன். ஒரு தவறு நடக்க வேண்டும், அதற்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்பது எழுதுகிறவர்களின் சோம்பல். இரண்டு நாள் அவரோடு பழகிய பிறகு வெட்கமாகிவிட்டது. பணி முடிந்து பஸ்ஸை அடுத்த டிரைவரிடம் ஒப்படைக்கும் முன், ஸ்டியரிங்கைத் துடைத்து, கண்ணாடியை நேராக்கி, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு இறங்குகிற மனிதர் அவர். அடுத்தவர் ஏறும்போது ஒரு சிரமமும் இருக்கக் கூடாது.

மேஜைமேல் கேமரா. அவர் அதைத் துடைத்தார். சக்கரம் எங்கோ ஓரமாக நிற்பதைக் கண்டார். பூஜ்யத்தில் வைத்தார்.

குழந்தை சிரித்தது. தங்கை கேமராவை எடுத்தாள், சிரிப்பு போய்விடுமுன் அழுத்தினாள். பிறகுதான் பார்த்தாள்.

"மாமா, இத யாரு திருப்புனது?"

"நான்தான்ம்மா. எக்குத்தப்பா நின்னுச்சு. அடுத்த ஆள் கைக்குப் போகும்போது எல்லாம் சரியா இருக்கணும்ல?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த வாயில் நான் நாலைந்து வாக்கியங்களை வைத்துப் பார்த்தேன். ஒன்றையும் அவள் சொல்லவில்லை. என் கதாபாத்திரம் ஒருத்தி என்னைவிட நல்லவளாக நடந்துகொண்ட தருணம் அது. ஆனால் அவள் முகமே சொல்லிவிட்டது.

"கெடுத்துட்டனா?" என்றார் அவர்.

நர்ஸ்தான் பதில் சொன்னாள். "விடுங்க. பல்லப் பாத்தே பாப்பா கண்டுபிடிச்சிக்கும்."

வாசலில் வாடகைக் கார் ஹார்ன் அடித்தது.

5

இனி முடிவுகள்.

அ) ஃபிலிம் கழுவும் லேபில் சரிசெய்துவிடுகிறார்கள். — முடியாது. விழுந்த வெளிச்சம் கொஞ்சம் அதிகமானால் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். விழாத வெளிச்சத்தைப் பிறகு யாராலும் சேர்க்க முடியாது. (அன்பும் அப்படித்தான் என்று ஒரு வரி எழுதி அடித்தேன். மனைவிக்குக் கொடுத்த வாக்கு.)

ஆ) நர்ஸ் பயணத்தை ரத்து செய்கிறாள். — அவள் உழைப்பை என் கண்ணீருக்காக நான் வீணாக்கக் கூடாது.

இ) படம் இருட்டாகவே வருகிறது. குழந்தை அந்த இருட்டை அம்மா என்று கூப்பிட்டு வளர்கிறது, அவள் திரும்பி வரும்போது — இதை என்னால் எழுத முடியவில்லை.

6

அப்போது கணவர் தயங்கிச் சொன்னார்: "ஃபிலிம் போடும்போது எல்லாரும் சும்மா ரெண்டு மூணு தடவ சுத்தி வீணாக்குவாங்க. நான் அப்படிச் சுத்தல. வீணாக்க மனசு வரல. இன்னும் ஒண்ணு இருக்கலாம்."

முப்பத்தேழாவது. பெட்டியில் அச்சடிக்காத, யாரும் வாக்குக் கொடுக்காத ஒரு படம். இருந்தால் கருணை. இல்லையென்றால் ஃபிலிமைச் சுற்றும் லீவர் நகராது.

தங்கை கேமராவை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே எடுங்க, மாமா."

ஹார்ன் மறுபடி அடித்தது. நர்ஸ் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். அவர் லீவரைக் கட்டைவிரலால் தள்ளினார். பாதிவரை வந்தது.

வாசகரே, இங்கே நிறுத்துகிறேன். மீதிப் பாதியைத் தள்ளும் துணிவு எனக்கில்லை. கேமரா இப்போது உங்கள் கையில். மெதுவாகத் தள்ளுங்கள், அதட்டினால் ஃபிலிம் கிழிந்துவிடும். நகர்ந்தால், அவள் சிரிக்கும்வரை காத்திருங்கள்.

சக்கரத்தை மட்டும் தொடாதீர்கள். இத்தனை வருடங்களில் எதையும் நியூட்ரலில் வைக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தறியாத மனிதர், அதைத் தாமே பிளஸ் ஒன்றரைக்குத் திருப்பிவைத்துத்தான் உங்களிடம் கொடுத்திருக்கிறார்.